வீடிழந்தவருக்கு வீடு கட்டப் போனோம்

வீடு போவது என்றால் என்னவென்று எம்மவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஷெல் விழுந்து கூரை போனவர்கள், ஒரு பையோடு இடம்பெயர்ந்தவர்கள், திரும்பிப் போய்ப் பார்த்தபோது யன்னல் நிலைகூட இல்லாமல் கண்டவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பர். புதிய நாட்டுக்கு வந்தபின் பிறர் தந்த குளிர்ச்சட்டை, பிறர் தந்த கட்டில், பிறர் நிரப்பித் தந்த படிவம் என்று சில காலம் வாங்கும் கையாகவே வாழ்கிறோம். அது குறையல்ல. ஆனால் அதே கை கொடுக்கவும் வல்லது. அதை நாங்கள் நேரில் கண்ட ஒரு பயணத்தைப் பற்றி, புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தது காற்றைவிட வெள்ளமே. நீரைத் தடுக்கக் கட்டிய அணைகளும் கால்வாய்ச் சுவர்களும் பல இடங்களில் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 வீதம் நீரில் மூழ்கியது. அந்த நீரை இறைத்து முடிக்க ஆறு வாரங்கள் சென்றன. வறியவர்களும் முதியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

2007 மார்ச்சில் ரொறன்ரோவிலிருந்து நாங்கள் ஆறு பேர் ஒரு தொண்டர் குழுவுடன் அங்கே போனோம். வானில் இரண்டு நாள் ஓட்டம். எங்களில் ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். 1978 நவம்பர் சூறாவளியைச் சிறுவனாக அனுபவித்தவர். "அப்ப எங்களுக்கு ஆக்கள் வந்தவை, இப்ப நாங்கள் போவம்" என்று முதலில் சொன்னவர் அவரே.

புயலடித்து ஒன்றரை ஆண்டு கடந்தும் பல தெருக்களில் வீடுகள் பூட்டியபடியே கிடந்தன. வாசல் சுவர்களில் மீட்புக் குழுவினர் பூச்சால் கீறிய பெரிய பெருக்கல் குறி. மேலே தேடிய திகதி, ஒரு பக்கம் குழுவின் பெயர், கீழே உள்ளே கண்டவர்களின் எண்ணிக்கை. எங்களுக்குத் தந்த வீட்டில் அந்த எண் சுழியம். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டோம்.

வீடு கட்டப் போனவர்களுக்கு முதல் வேலை உடைப்பதுதான். அங்குள்ள வீடுகளின் எலும்புக்கூடு மரம். அதன்மேல் 'ட்றைவோல்' என்னும் ஜிப்சம் பலகை அடித்திருக்கும். நீர் புகுந்தால் அந்தப் பலகை ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். முகமூடி, கையுறை, தடித்த சப்பாத்து அணிந்து, அலவாங்காலும் சுத்தியலாலும் எல்லாவற்றையும் பெயர்த்து, மரச்சட்டங்கள் மட்டும் நிற்கும்வரை கழிக்க வேண்டும். பின்பு ஆணிகளைப் பிடுங்கி, பூஞ்சணத்தைச் சுரண்டி, மருந்தடித்து, மரம் நன்றாகக் காய்ந்த பின்னரே புதுப் பலகை அடிக்கலாம். ஈரத்தோடு மூடினால் மீண்டும் பூஞ்சணம் வரும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். எங்கள் எல்லாரையும் 'பேபி' என்றே அழைத்தார். அது அவ்வூர் வழக்கம், எங்கள் ஊர்க் கிழவிகள் 'ராசா' என்பதுபோல. வேறு இடத்திலிருந்து வந்த இளைஞர்கள் சேற்றோடு கிடந்த சாமான்களை அள்ளித் தள்ளுவண்டியில் போடத் தொடங்கினர். எங்களுடன் வந்த அக்கா ஒருவர் அதை நிறுத்தினார். முற்றத்தில் ஒரு படங்கை விரித்து, எடுத்த ஒவ்வொன்றையும் அதில் வைத்து, "அம்மா, இது வேணுமோ?" என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். பெரும்பாலானவற்றுக்கு அந்த அம்மா தலையை ஆட்டி விட்டுவிட்டார். ஒரு இரும்புச் சட்டியைக் கண்டதும் எழுந்து வந்தார். அது தாயார் சமைத்த சட்டி. கறள் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உரஞ்சி எண்ணெய் பூசினால் இன்னொரு தலைமுறைக்கும் நிற்கும்.

வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இது தெரியும். குப்பை எது, குப்பையல்லாதது எது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் போதாது, தொழில் தெரியாது என்று தயங்கும் எம்மவர் கொண்டுபோகக்கூடிய பெரிய அறிவு இதுவே.

அந்நகரின் கிழக்குப் பகுதியில் வியட்நாமிய மக்கள் வாழ்கின்றனர். 1975இல் சைகோன் வீழ்ந்த பின் அகதிகளாக வந்தவர்கள். வெள்ளத்துக்குப் பின் முதலில் திரும்பியவர்களில் அவர்களும் அடங்குவர். வியட்நாம் அரசி மரியாள் தேவாலயத்தை நடுவாக வைத்து ஒருவர் வீட்டை மற்றவர் திருத்தினர். 2006இல் தங்கள் பகுதிக்கு அருகே புயல் கழிவுகளைக் கொட்டும் இடம் திறக்கப்பட்டபோது முதியவர்களும் இளையவர்களும் வீதிக்கு இறங்கிப் போராட, சில மாதங்களில் அது மூடப்பட்டது. அன்று உதவி வாங்கியவர்கள், இன்று ஊரைத் தாங்கும் தூண்கள்.

இப்படியான வேலை எமக்குப் புதிதல்ல. வீடு வேய்ச்சல் என்றால் அயலவர் கிடுகோடு வந்து நிற்பதும், பள்ளிக்கூட வளவில் சிரமதானம் செய்வதும் எம் ஊர் வழக்கமே. இந்நாட்டில் அதற்கு அமைப்பு, படிவம், பாதுகாப்பு விதி என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. 1950இல் தொடங்கிய மெனோனைற் பேரிடர்ச் சேவை கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளைத் திருத்துகிறது. 1976இல் தொடங்கிய 'ஹபிற்றாற் ஃபோர் ஹியூமானிற்றி' வீடு பெறும் குடும்பமும் தொண்டர்களுடன் சேர்ந்து உழைக்க வேண்டும் என்கிறது.

சேர விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

முதலில் உங்கள் நகரிலேயே தொடங்குங்கள். ஒரு சனிக்கிழமை போதும். தொழில் தெரிய வேண்டியதில்லை. அங்கேயே காட்டித் தருவார்கள்.

அகதி வழக்கு முடியாதவர்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டாம். நாங்கள் அறுவரும் குடியுரிமை பெற்ற பின்னரே போனோம்.

கட்டட வேலைக்குப் பொதுவாக 16 வயதுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லை. அவர்கள் சமையலுக்கும் பொருள் பிரிக்கவும் உதவலாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் பூஞ்சணம் பிடித்த வீட்டுக்குள் இறங்க வேண்டாம். பூச்சு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

செய்த மணித்தியாலங்களுக்குக் கடிதம் கேளுங்கள். வேலை தேடும்போது உதவும்.

எங்களுக்குக் கடிதத்தைவிடப் பெரிதாக வேறொன்று கிடைத்தது. "எங்கேயிருந்து வந்தீர்கள்?" என்று கேட்கப்படும்போது பலகாலம் தலைகுனிந்து பதில் சொல்லியிருக்கிறோம். அங்கே அதே கேள்விக்கு, கையில் சுத்தியலோடு, நிமிர்ந்து நின்று பதில் சொன்னோம். உங்கள் பிள்ளைகளும் உங்களை அப்படி ஒருமுறை பார்க்கட்டும்.