குஞ்சின் முதல் இரை

கடலில் பிடித்து வந்த உயிரைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, அதன் குஞ்சைப் பிழைக்கச் செய்வதுதான் மீன் வளர்ப்புத் துறையில் கடல் உயிரியலாளரின் முதன்மையான பணி. சந்தைக்குப் போகும் கொடுவாவுக்கும் கண்ணாடித் தொட்டியை அலங்கரிக்கும் கோமாளி மீனுக்கும் இது பொருந்தும்.

குன்றத்தூர், தாம்பரம் வட்டார மாணவர்களுக்கு இத்துறையின் முக்கிய நிலையம் ஒன்று எட்டாத தொலைவில் இல்லை. 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதன் ஆய்வுப் பண்ணை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ளது. கொடுவாவை 1997இலும் பால்கெண்டையை 2015இலும் இந்தியாவில் முதன்முறையாகப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது இந்நிறுவனமே.

முட்டை பொரிவதோடு வேலை முடிவதில்லை. கொடுவாவின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். இரண்டு, மூன்று நாளில் குஞ்சின் மஞ்சள் கரு தீர்ந்து வாய் திறக்கும். அந்தச் சின்னஞ்சிறு வாய்க்குள் போகும் இரை உயிருடன், உரிய நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத் தனித் தொட்டியில் பச்சை நுண்பாசி வளர்த்து, அதைத் தின்னும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியைப் பெருக்குவார்கள். சில நாள் கழித்து ஆர்டீமியா என்ற சிறு உவர்நீர் உயிரியைக் கொடுப்பார்கள். கொடுவாக் குஞ்சுகளில் பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பதால் அவற்றை அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்கவும் வேண்டும்.

கோமாளி மீனின் முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாளாக ஆக, குஞ்சின் கண்கள் முட்டைக்குள் வெள்ளிப் புள்ளியாக மின்னும். தந்தை மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவரும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இம்மீனைத் தொட்டியில் பெருக்கிக் காட்டியுள்ளன.

இறால் பண்ணைகளில் நோய்த் தடுப்பே பெரிய பொறுப்பு. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வரி இறால் வளர்ப்பை நிலைகுலைய வைத்தது. 2009இல் வன்னாமி இறால் அனுமதிக்கப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைச் சோதிக்க நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைந்தது. ஆய்வகச் சோதனையில் தேர்ந்தவர்களுக்கு அங்கும், குஞ்சு பொரிப்பகங்களிலும், தீவன நிறுவனங்களிலும் வேலை உண்டு.

கொளத்தூரின் வண்ண மீன் சந்தையில் கப்பி, மோலி, தங்க மீன் போன்ற நன்னீர் மீன்களே அதிகம். அவை பண்ணையில் பிறந்தவை. உலக வணிகத்தில் கடல் வண்ண மீன்களோ பெரும்பாலும் பவளப் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. சில நாடுகளில் மீனை மயக்கச் சயனைடும் தெளிக்கிறார்கள். அதனால் பாறையின் பவளமும் சாகிறது. இந்தியாவில் கடற்குதிரையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எந்த உயிரை வளர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை வணிகருக்கு இனம் பிரித்துச் சொல்வதும் கடல் உயிரியலாளரின் வேலைதான். தொட்டியில் பிறந்த ஒவ்வொரு கோமாளி மீனும் பாறையிலிருந்து பிடிக்க வேண்டிய ஒரு மீனைக் குறைக்கிறது.