பறிபோன சூப்பர்மேன் படம்: 26 ஆண்டு கழித்துப் பேசிய டைரக்டர்!

ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நடிகர்களின் வசனம் அடங்கும். டைரக்டர் பேச ஆரம்பித்து விடுவார். "இதை எப்படிய்யா எடுத்தாங்க?" என்று வியப்பவர்களுக்கு அவரே பதில் சொல்வார். இதுதான் டி.வி.டி.யில் வரும் 'ஆடியோ கமெண்ட்ரி'.

இதில் உருக்கமானது சூப்பர்மேன் கதை.

டைரக்டர் நீக்கம்

ஹாலிவுட் டைரக்டர் ரிச்சர்ட் டானர், சூப்பர்மேன் படத்தின் 2 பாகங்களையும் சேர்த்தே எடுத்து வந்தார். 1978-ல் வெளியான முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. ஆனாலும் தயாரிப்பாளர்களுடன் தகராறு. டானர் நீக்கப்பட்டார்.

ரிச்சர்ட் லெஸ்டர் மீதியை முடித்தார். 1980-ல் வந்த 2-ம் பாகத்தில் மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகளே இல்லை!

திரும்பி வந்தார்

பழைய பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, 2006-ல் 'டானர் பதிப்பு' வெளியிட்டார்கள். பிராண்டோவும் திரும்பி வந்தார். டானரும், திரைக்கதையைச் செப்பனிட்ட நண்பர் டாம் மான்கிவிச்சும் அந்தப் படத்துக்குக் கமெண்ட்ரி பேசினார்கள்.

மான்கிவிச் 2010-லும், டானர் 2021-லும் காலமானார்கள். டிஸ்க்கைப் போட்டால் இருவரும் இன்றும் பேசுகிறார்கள்.

செல்போனில் படம் பார்க்கும்போது இந்தக் குரல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய டிஸ்க் வீட்டில் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க!