கோட்டுப் பைத் துவக்கின் கணக்கு

ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். அவருடைய துவக்குகளில் ஒன்றின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரை கிலோ. பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் 1840இல் யானை வேட்டைக்கென்று செய்து கொடுத்த ரைபிள் அது. ஆனால் ஹோட்டன் சமவெளிப் பக்கம் மரை வேட்டைக்குப் போனபோது, இப்படிப்பட்ட மனிதர் நம்பியது நாய்க்கூட்டத்தையும் இடுப்புக் கத்தியையும்தான். செங்குத்துச் சரிவு, குறிஞ்சிப் புதர், பனிக்குளிர் ஓடை. அங்கே ஒன்பதரை கிலோ இரும்பு வெறும் சுமை.

அவருக்குப் பின் வந்த கோப்பி, தேயிலைத் துரைமாரின் காலத்தில் துப்பாக்கித் தொழில் எதிர்த் திசையில் ஓடியது. 1872இல் வெப்ளி நிறுவனம் 'புல்டாக்' என்ற ரிவோல்வரை விற்பனைக்கு விட்டது. இரண்டரை அங்குலக் குழல், ஐந்து ரவை, கோட்டுப் பைக்கு அளவெடுத்துச் செய்தது. ஆங்கிலேயன் போன இடமெல்லாம் அதுவும் போனது. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் அதைப் பார்த்துப் பிரதி செய்தார்கள்.

ஒளித்து எடுத்துச் செல்வதற்கு எந்தத் துவக்கு ஏற்றது என்ற கேள்விக்கு முதல் பாதி விடையைத் துவக்குக் கடைக்காரர் சொல்ல முடியாது, தையல்காரர்தான் சொல்ல வேண்டும். கொழும்பு வெயிலில் மெல்லிய சட்டைக்குள் புடைத்துக் காட்டிக்கொடுக்கும் துவக்கு, 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் தடித்த கம்பளிக் கோட்டுக்குள் இருக்கும் இடம் தெரியாது. உடை கனக்கக் கனக்க, தளரத் தளரத் துவக்கும் பெரிதாகலாம். இதற்கு இலங்கை வரலாற்றிலேயே கசப்பான சான்று உண்டு. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி, ரொஸ்மீட் பிளேஸ் வீட்டில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்ட தல்துவே சோமாராம என்ற பௌத்த பிக்கு காவியுடைக்குள் மறைத்து வந்தது சின்னத் துவக்கே அல்ல. பட்டாளத்துக்கென்று செய்த, ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் வெப்ளி ரிவோல்வர். பிரதமர் மறுநாள் இறந்தார்.

விடையின் மறுபாதி பௌதிகவியலிடம் இருக்கிறது.

ரவை முன்னே பாய்ந்தால் துவக்கு பின்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. எட்டு கிராம் எடையுள்ள 9 மில்லிமீட்டர் ரவை வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுடும் துவக்கு 1,120 கிராம் என்றால் வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கையை உதைக்கும். எடையைப் பாதியாக்கி 560 கிராமுக்குக் கொண்டுவந்தால் வேகம் ஐந்து மீட்டர். உதையின் சக்தியும் இரட்டிப்பு. இது ரவையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வெடிவாயு தள்ளுவது தனி.

குறி பார்ப்பதிலும் இதே கதை. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருக்கும் துவக்கில், குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டர் தள்ளி ரவை ஐந்து சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டர் மட்டுமே என்றால் பத்து சென்டிமீட்டர் விலகும். பயத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா? இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சின்ன ரிவோல்வரின் விசையை இழுக்க நாலைந்து கிலோ அழுத்தம் வேண்டும். துவக்கின் எடையோ அரைக் கிலோ. தன் எடையைப் போல் எட்டு, பத்து மடங்கு பலத்தோடு விரல் இழுக்கும்போது துவக்கு முழுவதுமே அசைந்துவிடுகிறது.

புதிதாக வாங்குபவருக்கு, 'கைக்கு அடக்கமானது' என்று மிகச் சிறியதைத்தான் பல நாடுகளில் கடைக்காரர்கள் எடுத்து நீட்டுகிறார்கள். உண்மையில் அது நெடுநாள் பழகிய கைக்கே கட்டுப்படும் துவக்கு. உதையைக் குறைக்க ரவையைச் சிறிதாக்கலாம்தான். 1900களின் தொடக்கத்தில் பெல்ஜியத்து பிரவுனிங் 6.35 மில்லிமீட்டர் பிஸ்டல் அதைத்தான் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆனால் அதன் ரவையில் இருக்கும் சக்தி, 9 மில்லிமீட்டர் ரவையினதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான்.

மலைநாட்டில் இதற்கெல்லாம் மேலே ஈரம். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தலையணையே நமுத்துப்போகும். இரும்பைச் சொல்ல வேண்டுமா? குளிரில் மலையேறி இறங்கிய துவக்கை, கணப்பு எரியும் பங்களா அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் வியர்த்து நிற்கும். பழைய ரவைகளின் அடியில் தீ மூட்டும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் படியும். காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சி, சுட்ட மறுநாளே துருவைத் தொடக்கிவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் தடவினார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொதிநீருக்கா பஞ்சம்!

நாளெல்லாம் பைக்குள் கிடக்கும் துவக்கு வேட்டை ரைபிளைவிடச் சீக்கிரம் கெடும். உடல் வியர்வையின் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். பைத் தூசியும் நூல் பிசிறும் தானியங்கிப் பிஸ்டலின் இடுக்குகளில் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகும்.

இலங்கையில் எது நல்லது என்று கடையில் நின்று தெரிவு செய்யும் நிலை பெரும்பாலானோருக்கு இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் நீளக்குழல் துவக்குக்கு அதைக் கொடுப்பது மாவட்டச் செயலகம். தற்பாதுகாப்புக்கான ரிவோல்வருக்கும் பிஸ்டலுக்கும் பாதுகாப்பு அமைச்சு. தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளையெல்லாம் 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. யாருக்கு உண்மையிலேயே தேவை என்று மீளாய்வு செய்வதற்காக.