கொசுவின் வயிற்றுக்குள் ஓர் உலகம்: மொட்டைமாடித் தொட்டியில் தொடங்கும் கதை

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பேச்சுதான். டெங்குவா, மலேரியாவா என்று இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாம், அந்த நோயைச் சுமந்து வந்த கொசுவின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று யோசிப்பதில்லை.

கொசுவை உதாரணமாகக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 26ஆவது வசனம் உணர்த்துகிறது. மனிதன் அற்பம் என்று ஒதுக்கும் படைப்பிலும் சிந்திப்போருக்குப் பாடம் இருக்கிறது.

வயிற்றில் நடக்கும் போராட்டம்

1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மலேரியா கொசு வழியாகப் பரவுகிறது என்பதை நிறுவ அதுவே வழி திறந்தது. ஆனால் அந்த வயிற்றில் ஒட்டுண்ணி மட்டும் இருப்பதில்லை. பல வகை பாக்டீரியாக்கள் அங்கே கூட்டமாக வாழ்கின்றன.

பெண் கொசு இரத்தம் குடித்ததும் இந்த பாக்டீரியாக்கள் பல மடங்கு பெருகுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த கொசுவின் உடலில் எழும் எதிர்ப்பு, இரத்தத்தோடு உள்ளே வந்த மலேரியா ஒட்டுண்ணியையும் தாக்குகிறது. சில பாக்டீரியாக்கள் தாமே ஒட்டுண்ணிக்கு ஆகாத பொருள்களைச் சுரக்கின்றன.

எல்லா பாக்டீரியாவும் நமக்குச் சாதகம் என்று எண்ணிவிடக் கூடாது. செராஷியா இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா வயிற்றில் இருந்தால், ஏடிஸ் கொசுவை டெங்கு வைரஸ் எளிதில் தொற்றுகிறது என்று 2012இல் புனே ஆய்வாளர்கள் கண்டனர்.

எப்படி ஆராய்கிறார்கள்?

முதலில் கொசுவின் உடலை ஆல்கஹாலில் கழுவி வெளிக் கிருமிகளை நீக்குவார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசிகளால் குடலைப் பிரித்தெடுத்து, அதிலுள்ள பாக்டீரியாவைத் தட்டுகளில் வளர்ப்பார்கள். தட்டில் வளராதவையும் நிறைய உண்டு. அவற்றை மரபணுவைப் படித்து அடையாளம் காண்பார்கள். அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசுவை இந்த இரு முறைகளிலும் ஆராய்ந்த டெல்லி விஞ்ஞானிகள் 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வகத்தில் வளர்ந்த கொசுவைவிட வெளியில் பிடித்த கொசுவின் குடலில் அதிக வகை பாக்டீரியாக்கள் இருந்தன.

சென்னையில் மலேரியாவைப் பரப்புவதும் இதே ஸ்டீஃபென்சிதான். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் இதற்குப் பிடித்த இடங்கள். ஸ்பெயினில் ஓர் ஆய்வகத்தில் வளர்த்த இதே இனக் கொசுக்களை மலேரியா தொற்றுவது குறைந்துகொண்டே போனது. காரணம் தேடியபோது, குடலில் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா இருந்தது தெரிந்தது. அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள் ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கிறது. 2023இல் வெளியான இந்த ஆய்வு, கொசுவைக் கொல்லாமலேயே மலேரியாவைத் தடுக்க வழி உண்டா என்ற தேடலுக்கு வலுச் சேர்த்தது.

இந்தத் துறை நமக்குத் தூரமானதல்ல. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அந்த வளாகத்திலிருந்து மலேரியா ஆய்வு நிறுவனத்தின் களப்பிரிவும் சென்னைக் கொசுக்களை ஆராய்ந்து வந்துள்ளது. அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், விலங்கியல், நுண்ணுயிரியல் படித்து இத்தகைய ஆய்வுக்குள் நுழையலாம். நோய்க்கு நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. அதைத் தேடுவதும் நம் பொறுப்பே.

மூடி வைப்போம்

கொசுவின் குடலுக்கு பாக்டீரியா பெரும்பாலும் அது பிறந்த நீரிலிருந்தே வருகிறது. நீரிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்றுதான் புழு வளர்கிறது. ஆக, மூடாத தொட்டி கொசுவுக்குத் தொட்டிலாகவும் இருக்கிறது, உணவுத் தட்டாகவும் இருக்கிறது.

இரவில் பாத்திரங்களை மூடவும், தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். அந்த ஹதீஸ் கொசுவைப் பற்றியது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூடி வைக்கும் பழக்கத்தை நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. கடைப்பிடிக்கிறோமா என்பதே கேள்வி.

முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள், ஜுமுஆவுக்கு முன்பாகவே வைத்துக்கொள்ளலாம், தொட்டி மூடி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுவோம். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பள்ளிவாசல் ஹவ்ளையும் மேல்தொட்டியையும் ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்கட்டும். ஹவ்ளில் புழு தின்னும் மீன் விடுவதும் பயன் தரும்.

ஆய்வகத்தின் விடை வரும்போது வரட்டும். தொட்டியின் மூடி இன்றே நம் கையில் இருக்கிறது. அல்லாஹ் நம் பிள்ளைகளை நோய்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.