தூண்டிலும் ஒரு கமக்கருவிதான்: நீர்த்தேக்கக் கரைக்குப் புதிதாக வருவோருக்குச் சில குறிப்புகள்

காணியையும் வீட்டையும் இழந்த குடும்பத்தில் முதலில் வற்றுவது கறிச்சட்டிதான். அரிசியை நிவாரணமாகவோ கடனாகவோ எப்படியோ தேடிக்கொள்கிறோம். சோற்றோடு சேர வேண்டிய மீன், முட்டை, பால் என்பவைதான் சத்தமின்றி நின்றுபோகின்றன. இதன் விளைவைப் பிள்ளைகளின் உடலில் காண்கிறோம். 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 32 பேர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கருவாடும் நெத்தலியும்கூட எமது மக்களுக்கு எட்டாப் பொருள்களாயின.

சப்ரகமுவையின் தோட்டங்களில் இன்று இருவகையான இடம்பெயர்ந்தோர் வாழ்கின்றனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று, காடு வெட்டிக் கமம் செய்து, போரினால் மறுபடியும் பெயர்ந்து உறவினரிடம் திரும்பியவர்கள் ஒரு சாரார். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் நேர்ந்தது போன்ற மண்சரிவுகளால் லயங்களையும் காய்கறித் துண்டுகளையும் இழந்தவர்கள் மற்றச் சாரார். இரு சாராருக்கும் உழுவதற்கு நிலமில்லை. ஆனால் இம்மாகாணத்தில் நீர் உண்டு, நீரில் மீனும் உண்டு. வன்னியில் வாழ்ந்தவர்களுக்குக் குளத்து மீன் புதிதன்று. மலைத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பலரோ தூண்டிலைக் கையில் எடுத்ததே இல்லை. அவர்களை மனத்திற்கொண்டே இக்குறிப்புகளை எழுதுகிறோம்.

எந்த நீர், எந்த மீன்?

எமது பகுதிக்குக் கைக்கெட்டும் பெரிய நீர்நிலை உடவளவை நீர்த்தேக்கம். வளவை கங்கையை மறித்து 1960களில் கட்டப்பட்ட இதன் அணைக்கட்டு ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமானது. நீர் நிறைந்திருக்கும்போது சுமார் 3,400 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடக்கும். கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களிலிருந்து எம்பிலிபிட்டிய வழியாக அங்கு செல்லலாம். பலாங்கொடைக்குக் கீழேயுள்ள சமனலவெவ 1992இல் நிறைவுற்ற மின் உற்பத்தி நீர்த்தேக்கம். அதன் கரை செங்குத்து, ஆழம் அதிகம். பழகாதவர் அங்கு தொடங்க வேண்டாம்.

இந்நீர்த்தேக்கங்களில் புதியவருக்கு முதலில் கிடைப்பது திலாப்பியா. தமிழ்நாட்டில் இதையே ஜிலேபிக் கெண்டை என்பார்கள். ஆபிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் இலங்கை நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் மற்றோர் இனம் 1975இல் வந்தது. இன்று எமது குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு இதுவே. இத்துடன் குஞ்சுகளாக விடப்பட்டு வளரும் கட்லா, ரோகு, சாதாரண கெண்டை என்பனவும், இயல்பாகவே வாழும் விரால், கெளிறு என்பனவும் உண்டு.

எப்பொழுது போவது?

எமது மலைகளில் வைகாசி முதல் தென்மேற்கு மழை கொட்டும்போது, கீழே உடவளவைப் பக்கம் வரண்டிருக்கும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீர் இறங்கி, மீன்கள் சுருங்கிய நீரில் நெருங்கி நிற்கும். ஐப்பசியில் மழை பிடித்து ஓடைகள் கலங்கி இறங்கும்போது, அவை அடித்துவரும் புழுபூச்சிகளுக்காக மீன்கள் ஓடை வாய்களை நாடி வரும். புதிதாகப் பழகுவதற்கு இவ்விரு காலங்களும் ஏற்றவை.

நாளில் விடியற்காலையும், வெயில் தாழும் பின்னேரமும் நல்ல நேரங்கள். உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். அப்போது கரையோரத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண்.

கருவிகள்

அதிகப் பணம் வேண்டியதில்லை. நன்கு காய்ந்த, எட்டு முதல் பத்து அடி நீளமான மூங்கில் கம்பு ஒன்று போதும். அதே அளவு நீளத்துக்குத் தங்கூசி நூல், ஒரு சிறிய முள், மிதப்புக்கு ஒரு தக்கைத் துண்டு அல்லது மயிலிறகுத் தண்டு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே நூலில் நெரித்துப் பொருத்த ஒரு சிறிய ஈயக்குண்டு. புதியவர்கள் பெரும்பாலும் செய்வது பெரிய முள் வாங்குவதுதான். திலாப்பியாவின் வாய் சிறியது. முள் பெரிதானால் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும்.

இரைக்கு மண்புழு சிறந்தது. மாட்டுத் தொழுவத்து எருக்குவியலில் தாராளமாகக் கிடைக்கும். ஈர மண்ணோடு ஒரு டின்னில் போட்டு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். புழு கிடைக்காதபோது கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து பயறளவு உருண்டைகளாக்கலாம். விராலுக்குச் சிறு மீனோ தவளையோ வேண்டும்.

பிடிக்கும் முறை

முதலில் இடத்தைப் பாருங்கள். ஆழமற்ற சேற்றுத் தரையில் தட்டுப்போன்ற வட்டக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் திலாப்பியாக்கள் தோண்டிய கூடுகள். அப்பகுதியில் மீன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. நீரில் மூழ்கிய மரக்கட்டை, புல்லோரம், ஓடை வாய் என்பனவும் நல்ல இடங்கள்.

தூண்டில் போடுவதற்கு அரைமணி முன்பாக ஒரு பிடி தவிட்டையும் ஈர மண்ணையும் உருண்டையாக்கி அவ்விடத்தில் போட்டுவையுங்கள். மிதப்பை மேலும் கீழும் நகர்த்தி, இரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்குமாறு அளவிட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்கு மட்டும் இரை தரையைத் தொடலாம். உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாக அமருங்கள். கரையில் ஓடித் திரியும் காலடியை மீன் உணரும். பிள்ளைகளை முதலில் அமைதியாக இருக்கப் பழக்குங்கள்.

மிதப்பு இலேசாகத் துடிக்கும்போது உடனே இழுக்கக் கூடாது. அது மீன் இரையைச் சோதிக்கும் நேரம். மிதப்பு ஒரு பக்கமாக நகர்ந்து அமிழும்போது, மணிக்கட்டை மட்டும் உயர்த்திச் சுண்டுங்கள். முழுக் கையாலும் இழுத்தால் மீனின் வாய் கிழியும், அல்லது நூல் மரத்தில் சிக்கும். அரைமணி நேரம் ஒன்றும் தொடவில்லையென்றால் ஆழத்தை மாற்றுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

கெளிற்றின் செட்டை முள் கொடியது. அதைத் துணியால் பற்றியே முள்ளிலிருந்து கழற்ற வேண்டும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் பெருகினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

விட்டுவிட வேண்டியவை

விதைநெல்லைச் சமைத்துத் தின்னும் கமக்காரன் இல்லை. மீனுக்கும் இதே நியாயந்தான். திலாப்பியாவின் தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அத்தகைய மீன் கிடைத்தால் உடனே நீரில் விட்டுவிடுங்கள். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அதன் அடியில் தாய் விராலும் தந்தை விராலும் காவலிருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீனுக்கு இரையாகும்.

மலை ஓடைகளில் திலாப்பியாவைக் கொண்டுபோய் விடாதீர்கள். எமது ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடப் பகுதியில், 1991இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பந்துல பெத்தியா என்னும் சிறு மீன் அவற்றுள் ஒன்று. அழியும் விளிம்பில் நிற்கும் அம்மீன் எமது கறிக்கு உதவாது, எமது மண்ணுக்கோ பெருமை.

ஓடையில் களைநாசினியோ வேறு நஞ்சோ கலந்து மீன் பிடிப்பதைச் சில இடங்களில் கேள்விப்படுகிறோம். அதே நீரைத்தான் கீழ்த்தோட்டத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். வெடி வைப்பதும் நஞ்சிடுவதும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வளச் சட்டத்தின்படி குற்றங்களாகும்.

உயிருக்கு ஆபத்தானவை

ஒரு வேளைக் கறிக்காக உயிரை இழக்கலாகாது. ஐந்து விடயங்களைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, இடிமின்னல். இந்நாட்டில் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி மிகுதி. முதல் முழக்கம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

இரண்டு, முதலையும் யானையும். உடவளவை நீர்த்தேக்கத்தைச் சூழ 1972இல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பூங்காக் கரையில் இறங்க அனுமதியில்லை. மற்றக் கரையிலும் இடுப்பளவு நீரில் நிற்காதீர்கள். இருட்டுமுன் வீடு திரும்புங்கள்.

மூன்று, வான்கதவு. அணையின் கீழ்ப்புறத்தில் நின்று மீன் பிடிக்காதீர்கள். கதவு திறந்தால் ஓட நேரமிராது.

நான்கு, இரத்தினபுரிப் பக்கத்தில் கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள். நீர் நிறைந்த இக்குழிகளில் மீன் இருக்கும், விளிம்பு மண்ணோ இடிந்து விழும். பிள்ளைகளைத் தனியே விடவே கூடாது.

ஐந்து, எலிக்காய்ச்சல். இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நீரில் இறங்கிய பின் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், வைத்தியரிடம் நீரில் இறங்கியதைச் சொல்லத் தவறாதீர்கள்.

அயலவரும் சட்டமும்

நீர்த்தேக்கத்தை நம்பி அங்கு ஏற்கெனவே சிங்கள மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களிலும் பலர் குடியேற்றத் திட்டங்களுக்காகப் பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளே. முதல் நாள் தூண்டிலோடு போகாமல் வெறுங்கையோடு போய், அவர்களது மீனவர் சங்கத்தாரிடம் கதையுங்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். மீன்பிடி உத்தியோகத்தரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். வள்ளமும் வலையும் கொண்டு தொழிலாகச் செய்வதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

விகாரைகளுக்கு அருகிலுள்ள நீரில் மீனைக் காப்பது இந்நாட்டுப் பழக்கம். அங்கும், போயா நாள்களிலும் தூண்டில் போடாதிருப்பது அயலவரின் மனத்தை மதிப்பதாகும். உயிர்க்கொலை பற்றிய சமய உணர்வை முன்னிட்டு 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவையே நிறுத்தியது. 1994இல்தான் அது மீண்டும் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவாயிற்று. உடவளவையிலும் அதன் மீன்குஞ்சு உற்பத்தி நிலையம் உண்டு. இவ்வரலாற்றை அறிந்திருந்தால் அயலவரோடு வீண் பிணக்கு வராது.

மிஞ்சியதை வைத்துக்கொள்ள

பிடித்த மீனை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். ஈர இலையால் மூடி, கரையிலேயே குடலை நீக்கிக் கழுவுங்கள். ஒரு வேளைக்கு மேல் மிஞ்சினால், மீன் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்காகத் தடவி ஓரிரவு வைத்து, ஈ மொய்க்காமல் வலைத்துணியால் மூடிக் காயவையுங்கள். எமது மலைப்பகுதியில் மழை விடாத நாள்களில், அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் உலர்த்தலாம். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணித் தாயோ இருந்தால் மீனின் முதற்பங்கு அவர்களுக்கே சேரட்டும்.

தூண்டில் ஒருபோதும் நிலத்துக்கு ஈடாகாது. சொந்தக் காணிக்கும் பாதுகாப்பான வீட்டுக்கும் எமது மக்களுக்குள்ள உரிமையை ஒரு மீன்கறி தீர்த்துவிடாது. அக்கோரிக்கையைத் தொடர்ந்து எழுப்புவோம். ஆனால் காணி உறுதி கையில் வரும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்காதே. ஆகவே உங்கள் லயத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, வன்னியில் குளத்து மீன் பிடித்துப் பழகிய பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி, விடுமுறை நாளொன்றில் புறப்படுங்கள். முதல் நாள் வெறுங்கூடையோடு திரும்பினாலும் சோராதீர்கள். எந்த ஓடை வாயில், எந்த நேரத்தில், எந்த இரைக்கு மீன் தொட்டது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரு பருவம் கழியும்போது அக்குறிப்பு உங்கள் லயத்து மக்கள் அனைவருக்கும் வழிகாட்டியாக இருக்கும்.