லே மணலில் இறங்கிய டகோட்டா

போர் விமானி ஒருவரின் திறமையை, அவர் சுட்டு வீழ்த்திய விமானங்களை எண்ணி மதிப்பிடுவது உலக வழக்கம். அந்தக் கணக்கில் நம் நாட்டு இந்திரலால் ராய், 1918 ஜூலையில் இரு வாரங்களில் 10 வெற்றிகள் பெற்றார்; அதே மாதம் 19 வயதில் போரில் மறைந்தார். மூன்று போர்முனைகளில் பறந்த மேஹர் சிங்கின் பெருஞ்செயலோ, ஒரு குண்டும் சுடாமல் நிகழ்ந்தது. இயற்பியல் மாணவர் அறிய வேண்டியது அதில் மிகுதி.

1915-இல் லயால்பூரில் பிறந்த அவர், இங்கிலாந்தில் கிரான்வெல் கல்லூரியில் பயின்று 1936-இல் விமானப் படை அதிகாரியானார். முதலில் வடமேற்கு எல்லை மலைகளில் வாபிட்டி என்னும் இரட்டை இறக்கை விமானத்தை ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில், ஹரிக்கேன் விமானங்கள் கொண்ட 6-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கினார். 1944-இல் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. இந்திய விமானப் படையில் அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே.

மூன்றாவது, 1947-48 காஷ்மீர்ப் போர். லடாக்கின் தலைமை நகரான லே, எதிரியின் கைக்குப் போகும் நிலையில் இருந்தது. தரைவழியே பெரும்படை போய்ச் சேர நாளாகும். லடாக்கியப் பொறியாளர் சோனம் நோர்பு சிந்து நதிக்கரையில் அவசரமாக ஓர் ஓடுதளம் அமைத்தார். 1948 மே 24 அன்று மேஹர் சிங் தாமே ஒரு டகோட்டாவை ஓட்டிச் சென்று அங்கு இறக்கினார். தளபதி திம்மையாவும் உடன் சென்றார்.

இதில் என்ன கடினம்? லே விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம் என்றால், அவ்வுயரத்தில் சுமார் 0.89 கிலோகிராம்தான். இறக்கையின் தூக்கு விசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அடர்த்தி குறைந்தால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: நம் திட்டக்குடியில் வெள்ளாற்று மணலில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இறங்கக்கூடிய விமானம், லேயில் ஏறத்தாழ 117 கி.மீ. வேகத்தில் இறங்கியாக வேண்டும். 17 விழுக்காடுதானே என்று எண்ணிவிடக் கூடாது. இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், பிரேக்கு அடக்க வேண்டிய ஆற்றல் சுமார் 38 விழுக்காடு கூடிவிடும். திரும்ப எழும்போது இன்னொரு தொல்லை. தளம் நீளமாகத் தேவைப்படும் அதே இடத்தில் எஞ்சினின் திறனும் குறைகிறது. சுழல்விசிறி தள்ளுவதற்குக் காற்றும் குறைவு.

இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. விமானத்தின் வேகமானி, எதிர்வரும் காற்றின் அழுத்தத்தையே அளக்கிறது. ஆகவே லேயில் 117 கி.மீ. வேகத்தில் செல்லும்போதும் அதன் முள் 100-ஐத்தான் காட்டும். தரையோ கண்ணெதிரே விரைந்து ஓடும். கண்ணை நம்பி வேகத்தைக் குறைக்கும் விமானிக்குத் தூக்கு விசை போதாது. விமானம் தொப்பென்று விழும். முள்ளை நம்புபவரே பிழைப்பார். முன்பின் யாரும் இறங்காத மணல் தளத்தில், சுற்றிலும் மலைகள் நிற்க, கண்ணை நம்பாமல் முள்ளை நம்புவதை எளிய செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர் காட்டிய வழியில் மற்ற டகோட்டாக்கள் வீரர்களை ஏற்றிச் சென்றன; லே காப்பாற்றப்பட்டது. மேஹர் சிங்குக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 1952-இல், டெல்லி நோக்கிப் பறக்கையில் புயலில் சிக்கி அவர் மறைந்தார்.

லேக்குச் செல்லும் பயணி விமானங்கள் இன்றும் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. பிற்பகலில் மலைக்காற்று வலுக்கும் என்பது ஒரு காரணம். வெயில் ஏற ஏறக் காற்று விரிந்து அடர்த்தி இன்னும் குறையும் என்பது மற்றொன்று.