பாதி இங்கே, பாதி அங்கே நிற்காத கப்பல்

1972 ஜூன் 23 அன்று தஞ்சோங் பகார் முனையத்துக்கு ‘நிஹோன்’ கப்பல் வந்தபோது சிங்கப்பூரின் கொள்கலன் யுகம் தொடங்கியது. துறைமுகத்தின் கேள்வி இது: எந்தக் கப்பலை எங்கே, எப்போது நிறுத்துவது? ஒவ்வொரு கப்பலின் காத்திருப்பையும் குறைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே நேரம் இரண்டு நிற்கக் கூடாது. தனித்தனியே இவை எளிது, சேர்ந்தால் கடினம்.

இப்படிப்பட்ட சிக்கலைப் பகுதிகளாகப் பிரித்துத் தீர்ப்பது பிரிப்பு வழிமுறை: அது ஒரு பகுதியைச் சரிசெய்து, பிறகு மற்றொன்றைச் சரிசெய்து, மாறிமாறி நகரும். 1956இல் டக்ளஸும் ராக்ஃபோர்டும் வெப்பப் பரவலுக்காக இவ்வகை வழிமுறை ஒன்றை வகுத்தார்கள். 1979இல் லியோன்ஸும் மெர்சியேயும் அதை ஒருபோக்குச் செயலிகளுக்கு (உள்ளீட்டை வெளியீடாக மாற்றும் கணித விதிகளுக்கு) விரித்தார்கள். ஒருபோக்கு என்றால், உள்ளீடு நகரும் திசைக்கு எதிராக வெளியீடு திரும்பாது. அதனால் தீர்வு இருந்தால் எந்தச் சுற்றும் இலக்கைவிட்டு விலகாது. நிரூபணத்தின் உயிர்நாடி இதுதான்.

ஆனால் கப்பல் இங்கே பாதி, அங்கே பாதி நிற்காது. இரண்டு நல்ல அட்டவணைகளின் சராசரி அட்டவணையே அல்ல! ஒருபோக்கு உடைகிறது; வழிமுறை முடிவின்றிச் சுற்றவும் கூடும்.

மீட்பு உண்டு. ஒரு பகுதியின் ஒருபோக்கு வலுவாக இருந்து மற்றதன் குறையை ஈடுகட்டினால், அடியின் அளவைப் பொருத்தமாகத் தேர்ந்து வழிமுறையை விடையை நோக்கி ஒருங்க வைக்கலாம். வட்டமும் அதை வெட்டும் கோடும் சந்திக்கும் புள்ளியைத் தேடுவது இன்னொரு அழகிய எடுத்துக்காட்டு: வெட்டுப்புள்ளிக்கு அருகே தொடங்கினால் ஒருங்கும் என்று போர்வைனும் சிம்ஸும் 2011இல் காட்டினார்கள். சமச்சீர்க் கோட்டில் அல்லாமல் எங்கே தொடங்கினாலும் ஒருங்கும் என்று 2015இல் பென்வா நிறுவினார்.

கப்பல் அட்டவணைக்கு அத்தகைய பொது உறுதி இல்லை. நிபந்தனைகளைத் தளர்த்திக் கணக்கிட்ட காத்திருப்பின் கீழெல்லையோடு ஒப்பிட்டு, கிடைத்த விடை எவ்வளவு நெருங்கியது என்று அளக்கலாம்.